செபமாலையின் மறுபாதி

காலை ஒன்பது மணி இருக்கும். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கும் விடுதியில், வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். நெல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அறைச் சாவி கேட்டது. "இதோ சாவி" என்று தெலுங்கில் சொல்ல வாயெடுத்தேன். "குடை" என்று தமிழில் வந்தது. திருத்திச் சொல்லப் பார்த்தேன். மறுபடியும் குடை.

அந்த அம்மா வெளியே எட்டிப் பார்த்தார். நல்ல வெயில். அதற்குள் என் வலது கையிலிருந்து பேனா நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கப் போனேன். கை எழவே இல்லை.

விடுதி மேலாளர் என் முகத்தைப் பார்த்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன், சொல் இல்லை. அந்த அவசரத்துக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது சொல் மாறி வந்தாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை திடீரென்று துவண்டாலோ, தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எனக்கு வந்தது இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக் கட்டி அடைத்து வரும் பக்கவாதம்). கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மருத்துவர் என் கணவர் ஏழுமலையிடம் பேசியது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

"கை கால் தேறிடுங்க. பேச்சுதான் எவ்ளோ திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது. அவங்களுக்கு நாம பேசுறது புரியுது. திருப்பிச் சொல்றதுக்குத்தான் வார்த்தை கிடைக்கல."

இதற்கு அஃபேசியா (மூளையில் பேச்சுக்கான பகுதி பாதிக்கப்படுவதால் வரும் பேச்சிழப்பு) என்று பெயர். தமிழ், தெலுங்கு, வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் என்று மூன்று மொழியில் பேசிப் பிழைத்தவள் நான். மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன.

"என் பேரச் சொல்லு ஸ்டெல்லா, போதும்" என்று ஏழுமலை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். இருபத்தெட்டு வருடம் கூடவே வாழ்ந்த மனிதரின் பெயர். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான்காம் நாள், என் கைப்பையில் பல் துலக்கும் பிரஷ்ஷைத் தேடியவர் செபமாலையையும் சின்ன செபப் புத்தகத்தையும் எடுத்தார். அவர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர், செபமாலை சொன்னதே கிடையாது. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் வாசிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். "அருள்மிகப் பெற்ற மரியே வாழ்க" என்று தொடங்கி, பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினார்.

என் வாய் திறந்தது. "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று ஆமென் வரை தடங்கல் இல்லாமல் சொன்னேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டார். "சிஸ்டர், பேசிட்டாங்க. ஆனா இதுல வேற மாதிரி போட்டிருக்கு. தூய மரியே, இறைவனின் தாயேனு இருக்கு. இவங்க வேற என்னமோ சொல்றாங்க. குழம்பிட்டாங்களா?"

குழம்பவில்லை. அது என் அப்பாவின் செபம்.

அப்பா விழுப்புரம் காட்பாடி மீட்டர்கேஜ் பாதையில் கேட் கீப்பர். கேட்டை ஒட்டி ஒற்றை அறை வீடு. பொழுது சாய்ந்ததும் நாங்கள் ஐந்து பேரும் முழங்காலில் நிற்போம். கோயிலில் புதிய செபங்கள் வந்து வெகுகாலம் ஆகியும், அப்பா தன் பழைய வார்த்தைகளை விடவில்லை. முன்பாதியை அவர் சொல்வார், பின்பாதி எங்களுடையது. நடுவில் தொலைபேசி மணி அடித்தால் கேட்டை மூட எழுந்து போவார். தம்பி அந்த நேரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான். ரயில் போகும்போது மாதா படம் ஆணியில் ஆடும். அப்பா விளக்கோடு திரும்பி வந்து, சட்டையில் கரிப்புகை வாசத்தோடு, விட்ட அதே சொல்லிலிருந்து தொடங்குவார். எந்தச் சொல் என்று எப்படி ஞாபகம் வைத்திருந்தாரோ.

ஏழுமலையைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று நான் சொன்னபோது அப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு இந்தச் செபமாலையைக் கொடுத்து, "தினம் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல" என்றார். சொன்னேன். வேங்கிக்காலிலிருந்து வேலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், கைப்பைக்குள் விரலை விட்டு மணி உருட்டுவேன். பெரிய தெருப் பக்கம் நெரிசலில் பஸ் நின்றால் மாலையில் இன்னொரு பத்து மணி கூடுதலாக உருளும். அந்த நாட்களை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. எவ்வளவு சுலபமாக ஓடியது நாக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சி தொடங்கியது. பயிற்சி தருபவர் என் மகள் வயதுப் பெண். ஏழுமலை சந்தோஷமாக முன்பாதியைச் சொல்லி, என்னைப் பின்பாதி சொல்லவைத்துக் காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லதுதாங்கம்மா. ஆனா இது இன்னும் பேச்சு இல்ல. சின்ன வயசுலேர்ந்து திரும்பத் திரும்பச் சொன்னது தானா வருது. ஒண்ணு ரெண்டு எண்ணுறது, கிழமை பேரு, பாட்டு, எல்லாம் அப்படித்தான். யாரும் எடுத்துக் குடுக்காம, நீங்களா ஆரம்பிக்கணும். அதுதான் பேச்சு."

அவள் சொன்னது சரி. அதனால்தான் வலித்தது. தானாக வருகிறது என்றால், இத்தனை வருடம் செபித்தது யார்? நானா, என் நாக்கா? பக்கவாதத்தைவிட இந்தக் கேள்வி என்னை அதிகம் படுத்தியது. பல நாள் மாலையைத் தொடவில்லை. ஏழுமலை கேட்டபோது, பத்து நிமிடம் போராடி மூன்று சொல் சொன்னேன். "மெஷின். நான். மெஷின்."

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. பிறகு சொன்னார்: "இருபத்தெட்டு வருஷமா காலையில எழுந்ததும் எனக்கு டீ போட்டுத் தர்ற. யோசிச்சா போடுற? கை தானா போடுது. அதுக்காக அது வேற யாரோ போட்ட டீனு ஆயிடுமா?"

நான் அழுதேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகை சீக்கிரம் வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது அந்த அழுகை இல்லை.

மறுநாள் முதல் தினமும் சாயங்காலம் உட்கார்ந்தோம். முன்பாதியை அவர் பாதி சொல்லி நிறுத்துவார், மீதியை நான் தேடுவேன். பிறகு ஒரு சொல் மட்டும் எடுத்துக் கொடுப்பார். பிறகு வாயை மட்டும் அசைத்துக் காட்டுவார். ஒரு நாள் அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது நானே தொடங்கிவிட்டேன். "அருள்." அவர் தேடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. "சோறு", "போதும்", "வலி" எல்லாம் போராடாமல் வந்தது அந்தச் சொல்லுக்குப் பிறகுதான். அவர் பெயர் அதற்கும் பிறகு. "ஏ" என்று இழுத்து, மூச்சு விட்டு, "மலை" என்று முடித்தேன். "நடுவுல ஒரு எழுத்து கம்மி, பரவால்ல" என்றார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. என் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்குப் பேச்சு திரும்பவே இல்லை. பயிற்சியும் மாத்திரையும் செபமும் எனக்குச் சேர்ந்தே வேலை செய்தன. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

போன அக்டோபரில் அன்பியக் கூட்டம் (பங்குக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடிச் செபிப்பது) எங்கள் வீட்டில் நடந்தது. செபமாலையில் ஒரு பத்து மணியை நான் முன்னின்று சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வலது கையில் மூன்று விரல் இன்னும் மரத்தே இருக்கிறது. மணி விரலுக்குள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று மணிகள் கடந்தன. நான்காவதில், "ஆண்டவர்" என்று சொல்லி நின்றுவிட்டேன். அடுத்த சொல் இல்லை.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கதவோரம் நின்ற ஏழுமலை, வேண்டாம் என்று கையை லேசாக உயர்த்தியிருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் தலை குனிந்து காத்திருந்தார்கள். எனக்கு வெட்கம் வரும் என்று பயந்திருந்தேன், வரவில்லை. அத்தனை வருடம் அந்தச் சொல்லை ஓடித் தாண்டிப் போனவள், முதல் தடவையாக அதற்காகக் காத்து நின்றேன். அது எங்கிருந்தோ மெல்ல நடந்து வந்தது.

"உம்முடனே" என்றேன்.

எல்லோரும் பின்பாதியைத் தொடங்கினார்கள்.

எல்லோரும் போன பிறகு, அந்தச் சொல் வர எவ்வளவு நேரம் ஆனது என்று அவரைக் கேட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நொடி என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

ஏழுமலை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியலயே" என்றார். "நான் உன்னத்தான் பாத்துனு இருந்தேன்."