உள்ளிருந்து திறக்காத கதவு

டிரைவரம்மாவுக்குப் பயம் என்பது புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட வியாதி இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனபின், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள் அவள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தால், அணைத்துவிட்டேன் என்று யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகருவாள். பிறகு சந்தேகம் வந்தால் சாட்சிக்கு ஆள் வேண்டுமே.

இப்படிப்பட்டவள் லாரி ஓட்ட வந்தது ஆசைப்பட்டு அல்ல. கணவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிப்போக, லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டி இருந்தது, வேலை இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு வளைவையும் பயந்துகொண்டேதான் திருப்புவாள், ஆனாலும் இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது.

அவர்களுடையது சின்ன லாண்டிரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லாட்ஜுகளுக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் வெளுத்துக் கொடுப்பார்கள். கணவர் துவைப்பு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார், அவருடைய தங்கை மடித்து மூட்டை கட்டுவாள், டிரைவரம்மா ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு அழுக்குத் துணியோடு திரும்புவாள். பாலம் எங்கோ தொலைவில் இருந்ததால், வண்டிகளை ஏற்றிச் செல்லும் தட்டையான பெரிய படகில்தான் ஆற்றைத் தாண்ட வேண்டும்.

கணவருக்குத் தெருவில் 'பாத்துக்கலாம்' என்று பெயர். குழாய் ஒழுகுகிறது என்றாலும் அதுதான் பதில், கூரை ஒழுகுகிறது என்றாலும் அதுதான். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டுக்கு வழிகாட்ட ஆள் கிடைக்காது.

லாரி மிகவும் பழசு. கொஞ்ச காலமாக டிரைவர் பக்கத்துக் கதவு முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் கைப்பிடியை இழுத்தால் லொடலொடவென்று வரும், பூட்டு விடாது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டே தோளால் ஒரு முட்டு முட்டினால்தான் திறக்கும். அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். "எங்க அண்ணியைத் தவிர அந்தக் கதவு வேற யாருக்கும் மசியாது. திருடனே வந்தாலும் உள்ள மாட்டிக்கிட்டு நம்மளைத்தான் கூப்பிடுவான்" என்று நாத்தனார் சிரிப்பாள்.

டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் அந்தக் கதவு எப்படி இருந்தாலும் சமாளித்துவிடலாம். தண்ணீரின் மேல்? அதனால் படகில் ஏறியதும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, மழையானாலும் வெயிலானாலும் படகின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். அக்கரை வந்தபிறகுதான் ஏறுவாள்.

ஒருநாள் படகுக்காரர் ஒவ்வொரு வண்டியாக வந்து ஜன்னலைத் தட்டினார்.

"இனிமே யாரும் இறங்கக் கூடாதும்மா. ரெண்டு வண்டிக்கு நடுவுல ஒருத்தர் கால் நசுங்கிப்போச்சு. கரை சேர்ற வரைக்கும் அவங்கவங்க வண்டிக்குள்ளதான்."

"நான் ஓரமாத்தான் நிப்பேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உக்காருங்க."

அன்று முதல் ஆற்றைக் கடப்பது அவளுக்குத் தினசரி தண்டனையானது. படகில் வண்டிகளை நெருக்கி நிறுத்துவார்கள், இடப்பக்கத்துக் கதவைத் திறக்க இடம் இருக்காது. இந்தப் பக்கத்துக் கதவோ இந்த லட்சணம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, அந்தச் சதுரத்தின் வழியாக உடம்பு வெளியே வருமா என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பாள். தோள் வந்துவிடும். இடுப்பு வருமா?

வீட்டில் சொன்னாள்.

"என்னங்க, அந்தக் கதவை முதல்ல சரி பண்ணணும். எனக்குப் பயமா இருக்கு."

"பாத்துக்கலாம். இத்தனை வருஷமா ஓடுற படகு, இன்னைக்கா முழுகப் போகுது?"

அதற்கடுத்த வாரம் பெருமழை. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, பக்கத்தில் வைத்திருந்த வெளுத்த உறைகள் நனையப் பார்த்தன. வேறு வழியில்லாமல் கண்ணாடியை ஏற்றினாள். நட்டாற்றில் படகின் இயந்திரம் இருமிவிட்டு நின்றது. சத்தம் அடங்கியதும் மழை மட்டும் கேட்டது. படகு மெல்லத் திரும்ப ஆரம்பித்தது, எதிரே இருந்த கரை ஜன்னலை விட்டு நகர்ந்துபோனது.

கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. கண்ணாடியை இறக்கப் போனாள், ஈரத்தில் அதுவும் பாதியில் இறுகிக்கொண்டது. கை நுழையும், மணிக்கட்டுக்கு மேல் நுழையாது. தோளால் முட்டினாள். மறுபடி முட்டினாள். பக்கத்து வண்டிக்காரர் செல்போனைப் பார்த்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள், குரல் எழும்பவில்லை.

சற்று நேரத்தில் இயந்திரம் உயிர்பெற்றது, படகு கரை சேர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். அவளோ ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இடப்பக்கத்துக் கதவைத் திறந்து போட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக்குக்கு போன் போட்டாள். "அந்த மாடலுக்கு இப்ப பூட்டு வர்றதில்லக்கா. பழைய வண்டி உடைக்கிற இடத்துல சொல்லி வெக்கிறேன், கிடைச்சா மாட்டலாம்" என்றார். அதுவரை அவளால் காத்திருக்க முடியாது.

விடுமுறை நாளன்று காலையில் லாண்டிரி முற்றத்தில் ஒரு பழைய விரிப்பை விரித்து, ஸ்க்ரூடிரைவர்களைப் பரப்பினாள். எப்போதோ கண்ணாடி மாற்றியபோது மெக்கானிக் கதவைப் பிரித்ததை ஒரு திருகு விடாமல் பார்த்திருந்தாள். தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் பார்த்தது. கைப்பிடி, கண்ணாடி இறக்கும் பிடி, உள்பலகை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள். கதவின் ஓரத்தில் இருந்த மூன்று திருகுகளை எடுத்ததும் பூட்டு அவள் உள்ளங்கைக்கு வந்தது.

பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பழைய கிரீஸும் தூசியும் துணிப் பஞ்சும் சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாள். அழுக்குப் போகப் போக, எது எதைத் தள்ளுகிறது, எந்த நாக்கு எந்தக் கொக்கியை விடுவிக்கிறது என்பது தெரிந்தது. சுத்தமாக்கி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே பொருத்தினாள். உதவ வந்த கணவர் கைப்பிடியைத் திரும்பப் பொருத்தி, அதிலிருந்து வரும் நீளக் கம்பியைப் பூட்டில் மாட்டினார்.

"சாத்திடாதீங்க. கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால கொக்கியைத் தள்ளிப் பூட்டி, கைப்பிடியை இழுத்தா விடுதான்னு பாத்துட்டு, அப்புறம் சாத்தலாம்."

"இவ்வளவு பண்ணியாச்சு, இன்னும் என்ன சோதனை? பாத்துக்கலாம்" என்றபடி அவர் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. இன்னொரு முறை இழுத்துவிட்டு வெளியே பார்த்துச் சிரித்தார். டிரைவரம்மா வெளிக் கைப்பிடியைத் தூக்கினாள், அதுவும் வேலை செய்யவில்லை. மற்றக் கதவு சுவரை ஒட்டி நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது, அதை இறக்கும் பிடி விரிப்பில் கிடந்தது. முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது.

அவருடைய சிரிப்பு போய்விட்டது. கைப்பிடியை வெடுக்வெடுக்கென்று இழுத்தார், கதவை உதைத்தார். நெற்றியெல்லாம் வேர்த்து, வாய் திறந்து மூடியது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

நாத்தனார் சுத்தியலோடு ஓடிவந்தாள். "கண்ணாடியை உடைச்சிடலாம் அண்ணி."

"இரு. முகத்துல தெறிக்கும்."

அவளுக்கும் பயம்தான். ஆனால் கண்ணுக்குள் நின்றது சற்று முன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த பூட்டு. கண்ணாடியில் முகத்தை வைத்துக் கத்தினாள்.

"என்னங்க, என்னைப் பாருங்க. உதைக்காதீங்க. உள்பலகை இல்ல, கை உள்ள போகும். கம்பியைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போங்க. போறீங்களா?"

அவர் தலையசைத்தார்.

"கம்பி முடியுற இடத்துல விரல் அகலத்துக்கு ஒரு நாக்கு இருக்கும். அதை மேல தூக்குங்க. இழுக்காதீங்க, தூக்குங்க."

விரல் வழுக்கியது. மறுபடி தேடினார். டக்கென்று சத்தம் கேட்டு, கதவு அவள் மார்பில் வந்து இடித்தது.

அவர் இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் கொடுத்த தண்ணீரில் பாதி சட்டையில் வழிந்தது. சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தெனமும் இப்படித்தான் உக்காந்துட்டு வர்றியா?"

"எப்பவும்னு இல்ல. படகுல மட்டும்தான்."

அவர் எழுந்து வந்தார். கம்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை நாக்கின் தவறான பக்கத்தில் மாட்டியிருந்தார், அது வெளிக் கைப்பிடியையும் தடுத்துவிட்டது. அது மட்டுமல்ல, கம்பியின் நுனி தேய்ந்து மெலிந்து, அது நுழையும் துளை முட்டை வடிவத்துக்கு அகன்றுபோயிருந்தது. இழுக்கிற இழுப்பில் பாதி அந்த ஆட்டத்திலேயே வீணாகிக்கொண்டிருந்தது. துவைப்பு இயந்திரத்தின் மெல்லிய குழாயில் ஒரு துண்டு வெட்டி, நுனியில் செருகி இறுக்கினார். கதவும் கீல் தளர்ந்து சற்றே தொங்கியிருந்தது, அதற்கேற்ப வாசல் சட்டத்தில் பூட்டுப் போய்க் கவ்வும் குமிழைத் தளர்த்தி, ஒரு மயிரிழை கீழே இறக்கினாள் டிரைவரம்மா. இந்த முறை கதவைத் திறந்து வைத்தபடியே சோதித்தார்கள். சோதிக்கச் சொன்னவர் கணவர்தான்.

பிறகு அவள் ஏறிச் சாத்திக்கொண்டாள். இழுத்ததும் திறந்தது. மறுபடி சாத்தினாள், மறுபடி திறந்தது. சாத்துவதும் திறப்பதுமாகவே இருந்தாள்.

"போதும் அண்ணி, புதுசையும் தேய்ச்சுடப் போறீங்க" என்றாள் நாத்தனார்.

மறுநாள் மூட்டைகளை ஏற்றி முடித்ததும், கூப்பிடாமலேயே கணவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். படகு கரையை விட்டு நகர்ந்தபோது அவள் கண் வழக்கம்போல ஜன்னலின் சதுரத்தை அளந்தது. கதவு சரியானால் பயமும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள், அப்படி ஆகவில்லை. நட்டாற்றில் பொறுக்கமாட்டாமல் கைப்பிடியை இழுத்தாள். கதவு விரல் அகலம் திறந்து, ஆற்றுக் காற்று உள்ளே வந்தது.

"கதவைச் சாத்துங்கம்மா" என்று படகுக்காரர் அதட்டினார். சாத்தினாள். மூச்சு சீராக வந்தது.

பக்கத்தில் கணவர் முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே ஓடும் தண்ணீரைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாளு அந்தப் பக்கம் திரும்பினதும், இன்னொரு தரம் திறந்து பாரு" என்றார் மெதுவாக.

அவள் திறந்து பார்த்தாள். அடுத்த விடுமுறை நாளில், யாரும் சொல்லாமலேயே அவர் இடப்பக்கத்துக் கதவின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.