நான் போட்ட திகதிகள்

மகளின் பல்கலைக்கழகப் பாடப்புத்தகம் ஒன்று சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் வாழ்க்கை. பதினான்கு பிள்ளைகள் பெற்றவள். தேவாலயத்தில் ஓவென்று அழுது மற்றவர்களுக்கு எரிச்சலூட்டியவள். சமயத்துக்கு விரோதமாகப் பேசுகிறாள் என்று அவளைப் பெரிய குருமார் முன் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல ஒரு பாதிரியார் எழுதினார். இது நடந்த ஒழுங்கில் இல்லை, அவளுக்கு நினைவு வந்த ஒழுங்கில் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

மகளின் அடையாளத் தாளை அந்த இடத்தில் வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

சென்ற ஆண்டு நானும் ஒரு பெண் சொல்லச் சொல்ல எழுதினேன். லின்ஃபீல்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக இந்த நாட்டுக்கு வந்து, அகதியாக ஏற்கும்படி விண்ணப்பித்தவர். நான் ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள், ஒழுங்காக எழுதிக் கொடுப்பேன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அத்தானைப் பிடிச்சுக்கொண்டு போனது எண்டைக்கு, அக்கா?"

"திகதி ஆருக்குத் தெரியும்? மழை. கோழி அடை கிடந்தது. குனிஞ்சு முட்டையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்." அழத் தொடங்கினார்.

"கோழியெல்லாம் எழுதேலாது அக்கா. விசாரிக்கிறவைக்குத் திகதி வேணும்."

"நீ படிச்ச பிள்ளை. பாத்துப் போடு."

பார்த்துப் போட்டேன். மழைக்காலத்தை வைத்துக் கணக்கிட்டு, ஏழு சம்பவங்களுக்கும் மாதமும் நாளும். அழுகையை விட்டேன். கோழியை விட்டேன். அவர் கையெழுத்திட்டார்.

விசாரணையில் அதிகாரி திகதி கேட்டபோது அக்கா மழையையும் கோழியையும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் தாளில் உள்ள திகதி எப்படி வந்தது? "மறந்துபோனன்" என்றாராம். நம்பும்படியாக இல்லையென்று விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள்.

"நீ எழுதினதெண்டு நான் வாய் திறக்கேல்லை. உனக்கேன் கரைச்சல்," என்று போனில் சொன்னார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

மறுப்பு வந்த அன்றைய நாட்குறிப்பை இப்போது எடுத்துப் பார்த்தேன். "பின்னேரம் தூறல். அக்காவின் விண்ணப்பம் மறுப்பு. கறிவேப்பிலைக் கன்றுக்குச் சாடி மாற்றினேன்." திகதி சரி, கிழமை சரி. திகதிகளைப் போட்டது நான் என்பது மட்டும் எங்கும் இல்லை.

"அம்மா, ஹூ மூவ்ட் மை புக்மார்க்?" என்றாள் மகள்.

"நான்தான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது.

அக்காவின் மேன்முறையீடு அடுத்த வாரம். வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினேன்: ஏழு திகதிகளும் நான் போட்டவை, அவர் சொன்னவை அல்ல. அனுப்புமுன் லின்ஃபீல்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

"உனக்குப் பிரச்சினை வராதே?"

"வரட்டும் அக்கா."

"கோழியைப் போட்டனியே?"

"ஓம். எத்தினை முட்டை அக்கா?"

"ஒன்பது," என்றார் உடனே. "அதிலை ஒண்டு கூழ்முட்டை."

அன்றைக்கு நான் அதைக் கேட்கவேயில்லை.