முன்வரிசை சோபா

பேய் பிசாசுன்னு யாராச்சும் ஆரம்பிச்சாலே டிபன் பாக்ஸ மூடிக்கினு எழுந்து போற ஆளு நானு. ஷூ கம்பெனியில என்கூட தைக்கிறவங்கள கேட்டுப் பாருங்க. அதனால நீங்க நம்பலன்னாலும் கோச்சிக்க மாட்டேன்.

எங்க வீட்டுக்காரரு மிலிட்டரியில நாயக்கா ரிட்டையர் ஆனவரு. கைல ரெண்டு பட்டை, அவ்ளோ தான். ஊருக்கு வந்துட்டா மேல கீழங்கறது முடிஞ்சிடும்னு நெனச்சேன், எங்க முடிஞ்சுது? அங்க அவருக்கு மேல சுபேதாரா இருந்தவரு தான் இப்ப ஆம்பூர்ல ஒரு தோல் கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆபீசரு, இவர அங்க கேட்டுல வாட்ச்மேனா நிக்க வெச்சதும் அவரு தான். அவரு போன் வந்தா இவரு சோத்துல இருந்து எழுந்து நின்னு பேசுவாரு. அவரு சம்சாரத்த நானும் மேடம்னு தான் கூப்புடணும். பழகிப் போச்சு.

போன வருஷம் பழைய மிலிட்டரிக்காரங்க எல்லாம் குடும்பத்தோட குடியாத்தம் ரோட்டுல ஒரு கல்யாண மண்டபத்துல கூடனாங்க. அங்கயும் ரேங்க் தான், முன்னாடி சோபா, அதுக்குப் பின்னாடி குஷன் சேரு, கடைசில எங்களுக்கு பிளாஸ்டிக் சேரு. நான் அரை நாள் பர்மிஷன் போட்டு ஓடறேன், கம்பெனி லைன்ல நின்னுக்கினே தைச்சு தைச்சு கால் ரெண்டும் கழண்டு உழற மாதிரி இருக்குது, பின்னாடி ஒரு சேர் காலி இல்ல. அப்ப முன்வரிசை சோபாவுல இருந்து ஒரு அம்மா கைய ஆட்டி கூப்டாங்க. சாம்பல் கலர் காட்டன் பொடவ, ஒத்தையா உக்காந்து இருந்தாங்க.

"உக்காரும்மா. வீட்டுக்காரர் இன்னா ரேங்க்?"

"நாயக்மா. இங்கல்லாம் நான் உக்காரக் கூடாது."

"இங்க உக்காந்தவங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க," ன்னாங்க.

உக்காந்தேன். சத்தியமா சொல்றேன், அந்த மாதிரி நான் எங்கயும் உக்காந்ததே இல்ல, கால் வலி எங்க போச்சுன்னே தெரியல, மைக்ல பேசறது எல்லாம் எங்கயோ தூரத்துல கேக்குது. எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்த சத்தத்துல தான் திரும்பனேன், அந்தம்மா இல்ல. கை கழுவ போயிருப்பாங்கன்னு விட்டுட்டேன்.

சாப்பிடற எடத்துல எங்க வீட்டுக்காரரு மூஞ்சி கருத்துப் போய் நிக்கறாரு. "ஏன் வரல? ஜோடி ஜோடியா மேடைக்கு கூப்ட்டாங்க, நான் ஒண்டியா போனேன். பொண்டாட்டி கூட உன் பேச்ச கேக்க மாட்டாளான்னு எல்லார் எதிர்லயும் கேக்கறாரு சுபேதார் சாப்."

"முன்னாடி சோபாவுல தானே இருந்தேன்."

பக்கத்துல இருந்த மேடம் திரும்பிப் பாத்தாங்க. "அது சண்டைல செத்தவங்க சம்சாரங்களுக்கு போட்ட சோபா. இந்த வாட்டி ஒருத்தரும் வரல. நான் அதுக்குப் பின்னாடியே தான் இருந்தேன், கடைசி வரைக்கும் காலி."

எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு. அந்தம்மா கூப்ட்டத சொன்னேன்.

"இன்னா கேட்டாங்க?" ன்னாங்க மேடம்.

"வீட்டுக்காரர் ரேங்க்."

"சொன்னியா?"

"சொன்னேன்."

மேடம் அப்படியே இலைய பாதில மூடிட்டு போய்ட்டாங்க. யாரு அந்தம்மான்னு அப்புறம் எவ்ளோ வாட்டி கேட்டும் வாயத் தெறக்கல.

உங்களுக்குத் தெரியுமோ இன்னாவோ, மிலிட்டரியில சண்டைல செத்துப் போன சிப்பாயோட சம்சாரம் வந்தா எவ்ளோ பெரிய ஆபீசரும் எழுந்து நிப்பாரு. ரேங்க் பாக்காத மரியாதை அங்க அது ஒண்ணு தான்.

அன்னிலருந்து மேடம் என்ன பாத்தா எழுந்து நிக்கறாங்க. உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கறாங்க. நேத்து கூட மருந்துக் கடை பெஞ்சுல இருந்தாங்க, என்னப் பாத்ததும் முட்டிய புடிச்சிக்கினு மெதுவா எழுந்தாங்க. எங்க வீட்டுக்காரரு என் பக்கத்துலயே தான் நிக்கறாரு, பைய கைல வெச்சிக்கினு, அவங்களுக்கு வணக்கம் சொல்லிக்கினு. அங்க யாரும் நிக்காத மாதிரி அவங்க அவரு பக்கம் திரும்பவே இல்ல.