மூட்டைக் கிடங்கில் படித்த சுவாகிலி

சச்சிதானந்தனின் தாயும் நானும் அக்கா தங்கை பிள்ளைகள். அந்த முறையில் அவன் எனக்குப் பெறாமகன். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் தொடங்கிக் கனடாவின் அஜக்ஸ் வரைக்கும் எங்கள் சனம் பரந்து கிடக்கிறது. அதில் டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், வீடு விற்கிறவர்கள் சொல்லி முடியாது. கம்ப்யூட்டருக்கென்று ஒரு பாஷையே செய்தவன் இவன் ஒருவன்தான். அதுவும் எங்கள் பாஷையில் இல்லை, சுவாகிலியில்.

கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிப்போன ஏஜென்ட் இவனைக் கென்யாவின் மொம்பாசாவில் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். பாஸ்போர்ட்டும் அவனோடு போயிற்று. துறைமுகத்தில் மூட்டைக் கிடங்கொன்றில் வேலை செய்து, அங்குள்ளவர்களோடு பேசிப் பேசியே சச்சி சுவாகிலி படித்தான். ஒருவழியாக ரொறன்ரோ வந்து சேர்ந்தபோது தமிழும் சுவாகிலியும் தெரியும், இங்கிலிசு தெரியாது. பகலில் ரெஸ்ரோரன்ட்டில் கோப்பை கழுவி, பின்னேரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனான். முதல் முறை பெயில். "கணக்கு விளங்குது சின்னம்மா, அதைச் சொல்லுற இங்கிலிசுதான் விளங்கேல்லை" என்றான். திரும்பப் படித்துப் பாஸாகி, இன்றைக்கு மார்க்கம் நகரத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். ஆனாலும் அந்தப் பெயில் அவனை விட்டுப் போகவில்லை.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் சொற்கள் எல்லாம் இங்கிலிசில்தான் இருக்குமாம். சச்சி அவற்றின் இடத்தில் சுவாகிலிச் சொற்களை வைத்தான். 'இப்படி இருந்தால்' என்பதற்குக் 'காமா'. 'எழுது' என்பதற்கு 'அண்டிகா'. பிள்ளை 'அண்டிகா' போட்டுத் தன் பெயரையும் போட்டால் திரையில் பெயர் வரும். இங்கிலிசு தெரியாத பிள்ளையும் படிக்கலாம். இதற்காக நாலு வருசமாகத் தன் சனி ஞாயிறுகளைக் கொடுத்தான்.

சனம் சும்மா விடுமா? ஒரு பிறந்தநாள் விழாவில் எங்கள் சம்பந்தி வழியில் வந்த றெமிஜியஸ் பிடித்துக்கொண்டார்.

"என்ன காணும் சச்சி, தமிழ் கசக்குதோ உமக்கு?"

"தமிழுக்கு நீங்கள் இவ்வளவு பேர் இருக்கிறியள் அண்ணை."

"உதுக்கு அவங்கள் ஏதும் தருவாங்களோ?"

"மொம்பாசாவிலை சாப்பாடு முதலே தந்திட்டாங்கள்."

அவன் மனைவி மங்கையற்கரசி குறுக்கே வந்தாள். "உவரோடை கதைச்சு வெல்ல ஏலாது அண்ணை. கேக்கைச் சாப்பிடுங்கோ."

செய்து முடித்ததும் அதைப் பாவிக்க ஆள் வேண்டுமே. ஸ்காபரோவில் செரீனா என்றொரு ஆசிரியை, மொம்பாசாக்காரி. புதிதாக வந்த சுவாகிலி பேசும் பிள்ளைகளுக்கு ஒரு நூலக அறையில் சனிக்கிழமை வகுப்பு வைக்கிறாள். அவளுக்குப் பிடித்தால் அந்த வகுப்பில் ஓடும், மொம்பாசாவில் அவள் தங்கை படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் போகும். பிடிக்காவிட்டால் சச்சிக்கு வேறு கதவு இல்லை.

காட்டப்போன அன்று மங்கையும் நானும் கூடப் போனோம். பிள்ளைகள் தங்கள் பெயர்களைத் திரையில் வரவைத்துச் சத்தம் போட்டார்கள். சச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்போது ஒரு சிறு பெண் ஏதோ பிழையாக எழுதிவிட்டாள். பிழை வந்தால் அந்தப் பாஷை ஒரு வசனம் சொல்லும். அதை வாசித்த மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளோ கண் கலங்கிக் கம்ப்யூட்டரை மூடிவிட்டாள்.

செரீனா வந்து திறந்து பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று. அவளும் சச்சியும் இங்கிலிசில் பேசியதை மங்கை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான். கட்டளைச் சொல்லுகளுக்கு அகராதி பாத்தனான். பிழை சொல்லுற வசனங்களுக்கு அது தேவைப்படேல்லை. நான் பிழை விட்டால் கிடங்குக் கங்காணி சொல்லுறது எல்லாம் எனக்கு அப்பிடியே பாடம்."

"'ஹுனா அக்கிலி' எண்டு கேக்குது உங்கடை கம்ப்யூட்டர். உனக்கு மூளை இல்லையோ எண்டு. இந்தப் பிள்ளையளிட்டை நான் ஒரு நாளும் அப்பிடிக் கேட்டதில்லை."

பிழை செய்தவனுக்குச் சொல்லும் வழமையான சொல் அதுதான் என்று இத்தனை வருசமாகச் சச்சி நினைத்திருந்திருக்கிறான்.

"அப்ப அவன் என்னை ஏசிக்கொண்டே இருந்திருக்கிறான்" என்றான் மெல்ல. "நான் அவனுக்குத் தலையாட்டி நன்றி சொன்னனான்."

மங்கைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். வேறொருவன் என்றால், இது சின்ன விசயம், பிறகு மாற்றலாம், மிச்சத்தைப் பாருங்கோ என்று இழுத்திருப்பான். நாலு வருச உழைப்பு அல்லவா? சச்சி அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "பிழை என்னிலைதான்" என்று சொன்னான். பிறகு எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்து தன் பாஷையை அழித்தான். செரீனாவிடம் ஒன்றுதான் கேட்டான்.

"உங்கடை ஊரிலை ஒரு பிள்ளை பிழை விட்டால் தாய் என்ன சொல்லுவா?"

"'போலே' எண்டுவா. ஒருத்தர் தடக்கி விழுந்தாலும் பாத்துக்கொண்டு நிக்கிறவை அதைத்தான் சொல்லுவினம். தள்ளிவிட்டது தாங்கள் இல்லையெண்டாலும் சொல்லுவினம். பாவம், பரவாயில்லை எண்ட மாதிரி."

"அப்ப எனக்கு அதைப் படிப்பியுங்கோ" என்றான் சச்சி.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வகுப்பு முடிய செரீனா அஜக்ஸில் சச்சி வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் இருந்து இவன் வேண்டுமென்றே ஒவ்வொரு பிழையாக விட, அவள் அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னாள். "ஜரிபு தேனா" என்றால் திரும்ப முயற்சி செய் என்பதாம். இவன் எழுதினதை அவள் வெட்டினாள், அவள் சொன்னதை இவன் கேள்வி கேட்டான். மங்கை தேத்தண்ணி கொண்டு வைத்துவிட்டு, "கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து நான் திருத்தாததை உவ திருத்திப்போட்டா" என்றாள்.

புதுசாக எழுதினது வகுப்புக்குப் போன அன்று சச்சி உள்ளே வரவில்லை. வாகனத்திலேயே இருந்தான். கூட்டிக்கொண்டு வரச்சொல்லி மங்கையை அனுப்பினேன். அதற்குள் செரீனாவே வெளியே வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"உங்களிட்டை ஒரு முறைப்பாடு இருக்கு" என்றாள். "பிள்ளையள் சரியா எழுதுகினம் இல்லை. கம்ப்யூட்டர் ஆறுதல் சொல்லுறதைக் கேக்கிறதுக்கு வேணுமெண்டு பிழை விடுகினம்."

"அப்ப நிப்பாட்டிப் போடுவமோ?" என்று சச்சி கேட்டான்.

"எப்பிடி நிப்பாட்டுறது?" என்றாள் அவள். "காலமையே மொம்பாசாவுக்குத் தங்கச்சிக்கு அனுப்பிப்போட்டன்."