பந்தலின் அந்தப் பக்கம்

எங்கள் கடலோர ஊரான மெயாஞோவில் எர்மிந்தாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவள் தங்கை பல்பினாவை எல்லோருக்கும் பிடிக்கும். இந்த வித்தியாசம்தான் எர்மிந்தாவை அரித்துக்கொண்டே இருந்தது. நான் அவர்கள் எதிர்வீட்டுக்காரி. முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா செத்ததும் ஒரே திராட்சைப் பந்தலை இருவருக்கும் பாதியாகப் பிரித்தார்கள். நடுவில் ஒரு வரிசைக் கல்தூண்கள்தான் எல்லை. இரண்டு பக்கமும் அதே அல்பாரினோ ரகக் கொடிகள், அதே கடற்காற்று, அதே ஓயாத மழை.

வசந்தம் வந்தால் எங்கள் பக்கத்தில் ஒயின் மிஞ்சிய வீடுகள் அதற்கு அடையாளமாக வாசலில் பிரிஞ்சி இலைக் கிளையைத் தொங்கவிடும். யாரும் உள்ளே போய்க் குடிக்கலாம். பல்பினா கிளை கட்டும் அதே நாளில் எர்மிந்தாவும் கட்டுவாள், அதைவிடப் பெரிதாக. ஆனாலும் கூட்டம் தங்கை வீட்டு ஒயினுக்கும் சுட்ட மத்தி மீனுக்கும்தான் போகும். ஒருநாள் எர்மிந்தாவின் கணவன் அமான்சியோ தாமதமாக வீடு வந்தான்.

"எங்க போயிருந்தீங்க?"

"சும்மா காலாற நடந்துட்டு வந்தேன்."

"காலாற நடந்தா வாயில மத்தி மீன் வாசம் வருமோ?"

அவன் தலையைச் சொறிந்தான். "என்ன பண்றது எர்மிந்தா, அவ ஒயின் நல்லாருக்கு."

அதன்பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் சூப்புக்கு உப்பே இல்லை.

ஜூலை வந்தால் பல்பினா கத்தரிக்கோலோடு பந்தலடியில் நின்று, மிச்சம் நன்றாகப் பழுக்கட்டும் என்று பாதிக் காய்க்கொத்துகளைப் பச்சையாகவே வெட்டி மண்ணில் போடுவாள். இந்தப் பக்கம் நின்று எர்மிந்தா என்னிடம் சொல்வாள்: "பாரு, சாமி குடுத்ததை வெட்டி எறியறா. திமிரு." எர்மிந்தாவின் பந்தலில் ஒரு கொத்துகூடக் குறையாது.

ஒரு செப்டம்பரில், அறுவடைக்கு முன்னால் பல்பினா ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். கடல் பக்கம் மேகம் கறுத்து வந்தது. நனைந்தால் திராட்சை அழுகிவிடும். ஊரே கூடைகளோடு அவள் பந்தலுக்கு ஓடியது.

"நீயும் வாயேன்" என்றேன் எர்மிந்தாவிடம்.

"எதுக்கு? அவளுக்குத்தான் ஊரே இருக்கே. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ எட்டிப்பாத்தது யாரு? பூனைதான் வந்துச்சு."

சத்தியமாகச் சொல்கிறேன், தங்கையின் உடைந்த காலைப் பார்த்தும் அவளுக்குப் பொறாமை. ஆனால் எல்லோரும் அங்கே சிரித்துப் பேசும் சத்தம் கேட்கக் கேட்க, தான் மட்டும் இல்லையே என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தூண்களைத் தாண்டினாள்.

கொத்துகள் குறைவு; ஆனால் பழங்கள் பொன்னிறமாக, தோல் இறுகி இருந்தன. ஒன்றை வாயில் போட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்த நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு பொழுது சாயும்வரை நிமிராமல் வெட்டினாள். கடைசிக் கூடை உள்ளே போனபோது மழை கொட்டியது.

வாசலில் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பல்பினா அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்ல."

"உனக்காக ஒண்ணும் வரலை. பழம் வீணாப் போகக் கூடாதுன்னு வந்தேன்" என்று எர்மிந்தா கையை உருவிக்கொண்டாள். ஆனால் அன்று அங்கேயே சாப்பிட்டாள்.

அடுத்த ஜூலையில் அவளும் காய்களை வெட்டினாள். ஒவ்வொரு கொத்துக்கும் வாய்க்குள் திட்டினாள். பாதி வெட்ட மனம் வராமல் கால்வாசியோடு நிறுத்தினாள். அதற்கே ஒயின் மாறிவிட்டது. மறுவசந்தத்தில் அவள் வாசலிலும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். தபால்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மனதாரச் சொன்னார்: "அடடா, பல்பினா ஒயின் மாதிரியே இருக்கே."

எர்மிந்தா கூஜாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் மறுபடி கேட்டபோது, "தீந்துபோச்சு" என்றாள்.