பேட்டரி இல்லாமல் அடித்த ஹாரன்

இது யாரோ சொல்லி யாரோ கேட்டது இல்லை. என் சகலைக்கே நடந்தது. பொய் சொன்னால் காது நுனி சிவந்துவிடும் மனிதர் அவர். இதை என்னிடம் சொன்னபோது காது சிவக்கவில்லை. தலைதான் கடைசிவரை நிமிரவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடுகத்தனை ஸ்க்ரூவைக்கூடப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மாட்டிவிடுவார். அதனால், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பழைய காரில் பேட்டரி செத்துப்போனதும், "இது என்ன கம்பசூத்திரமா, நானே மாத்திக்கறேன்" என்று இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. லைட் போடும் நேரம். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தகர ஷெட். ஐந்து வயது மகள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தார். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. தட்டித் துடைத்துவிட்டு ஸ்பேனரைப் போட்டார். முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். மூச்சைப் பிடித்துத் தூக்கி, பழைய பேட்டரியைத் தன் கால் பக்கத்தில் தரையில் வைத்தார்.

பாம்...

சின்னதாக ஒரு ஹாரன்.

"ஹாரன்ல கை வைக்காத குட்டி."

"நான் வைக்கலப்பா. நான் பின்னாடிதானே இருக்கேன்."

"சரி, சரி" என்று புதுப் பேட்டரியின் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். பாதியில் கை நின்றுவிட்டது.

பழைய பேட்டரி தரையில். புதியது பெட்டியில். காரில் பொட்டு கரண்ட் இல்லை.

பாம்... பாம்...

காருக்குள் விளக்கு எரிந்தது. மஞ்சளாக, மங்கலாக.

தூக்கிய பானெட் முன் கண்ணாடியை மறைத்திருந்தது. அடியில் ஒரு கை நுழையும் இடைவெளி. குனிந்து பார்த்தார்.

ஸ்டியரிங்கில் இரண்டு கைகள்.

வயதான கைகள். கணுக்கள் வீங்கிய விரல்கள். அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

ஓடினார்.

செருப்பு ஒரு பக்கம், ஸ்பேனர் ஒரு பக்கம். எதிர் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது.

குழந்தை...

பெற்ற மகளை உள்ளே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"கால் வரலன்னு சொன்னா அது சும்மா" என்றார் என்னிடம். "நான் போகல. அதான் நிஜம்."

அவர் மனைவி வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு ஓடுவது தெரிந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தை அழவில்லை. கையில் பென்சில்கூட அப்படியே இருந்தது.

"என்னங்க, என்னைக் கூப்பிட்டுட்டு இங்க வந்து நிக்கறீங்க?"

"நான் கூப்பிட்டேனா?"

"'குழந்தை கார்ல இருக்கு, சீக்கிரம் வாங்க'ன்னு கத்தினீங்களே. தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சு."

மனைவியை 'வாங்க' என்று அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆனாலும், "ஆமா... நான்தான்" என்றார். "பேட்டரில புகை வந்துச்சு. அதான்."

அந்த வாரமே காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று, அதை விற்ற டீச்சர் வீட்டுக்கு மனைவியோடு போனார். முன்னால் யார் ஓட்டியது என்று மெதுவாகக் கேட்டார்.

டீச்சர் உள் ரூம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"என் மாமனார். போன மழைக்கு, பாலத்துக்கு அடியில தண்ணில கார் நின்னுபோச்சு. இவர் பயத்துல இறங்கி ஓடிட்டார். என் பையன் பின் சீட்டுல இருந்தான். இதச் சொல்லாம வித்தது தப்புதான்."

பையன் என்ன ஆனான் என்று யாரும் கேட்கவில்லை. சுவரில் மாலை போட்ட அவன் படம் இருந்தது.

"உங்க மாமனார்... எப்ப தவறினார்?"

"தவறலையே. உள்ள ரூம்லதான் இருக்கார். அன்னைலருந்து பேச்சு நின்னுடுச்சு."

கதவு திறந்திருந்தது. நாற்காலியில் ஒரு பெரியவர். மடியில் கைகள். அதே வீங்கிய விரல்கள்.

பெரியவர் நிமிர்ந்து என் சகலையைப் பார்த்தார். தெரிந்தவரைப் பார்ப்பதுபோல. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"போன ஞாயித்துக்கிழமைதான் திடீர்னு வாயத் திறந்தார்" என்றார் டீச்சர். "லைட் போடற நேரம். 'குழந்தை கார்ல இருக்கு, சீக்கிரம் வாங்க'ன்னு ஒரே கத்தல். எங்க பையன நெனச்சுத்தான் கத்தறார்னு நாங்க..."

சகலை பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி தன்னையே பார்ப்பது மட்டும் தெரிந்தது.

வீடு வந்து சேரும்வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஆனால் மகளை அவரோடு தனியாக எங்கேயும் அனுப்புவதில்லை.