பீன்ஸ் தோட்டத்துக்கு ஒரு தனி நம்பர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் பெருமாள்மலைக்குக் கீழே இருக்கும் என் வீட்டு வைஃபை ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தது நான்தான். இந்தச் சரிவில் இதைச் செய்த இன்னொருவர் இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம்.

கன்னிவாடியில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குப் பிரசவ நேரம். என் மனைவியோ கிளம்ப மறுத்தாள். பீன்ஸ் காய்த்து நின்றது. காட்டுமாடு இறங்கினால் ஒரே இரவில் கொடியெல்லாம் தரைமட்டம்.

"தோட்டத்துல கேமராதான் இருக்கே" என்றேன்.

"வீட்டுக்குள்ள உக்காந்து பாக்குற கேமராவ வச்சுக்கிட்டு கன்னிவாடியில என்ன செய்ய? செல்லுல வர வைங்க, வாரேன். இல்லாட்டி ஒங்க மக ஒத்தையிலதான் கெடக்கணும்."

அந்தப் பேச்சு போதாதா எனக்கு! படம் மட்டும் செல்லில் தெரிந்தால், பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு போன். வெடி போட்டு விரட்டிவிடுவார்.

கேமராவின் படம் பதிவாகும் பெட்டி, மூடிப்போன லாட்ஜ் ஒன்றில் வாங்கிய பழசு. அதன் ஆப் இப்போது வேலை செய்வதில்லை. வெளியிலிருந்து வருவதை ரௌட்டர்தான் அந்தப் பெட்டிக்கு அனுப்பிவைக்க வேண்டும்; அதுதான் போர்ட் ஃபார்வர்டிங். தமிழ் வீடியோ ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும், எழுத்தின் உருவம் பிடிபடும். கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் பெட்டிக்குக் கொடுத்த எண் மாறிவிடுமாம், மாறாதபடி கட்டிப்போட்டேன். பூட்டில்லாத கதவைத் திறந்துவைக்க நான் என்ன ஏமாளியா? பழைய பாஸ்வேர்டையும் மாற்றினேன். அதன்பிறகே ரௌட்டரில் வாசலைத் திறந்துவிட்டேன்.

வீட்டில் செல் சிக்னல் கிடையாது, வைஃபை மட்டும்தான். வெளியிலிருந்து தெரிகிறதா என்று பார்க்க பெருமாள்மலைக் கடைவீதிக்கு ஏறினேன். படம் வரவில்லை. இறங்கி வந்து சரிபார்த்து, மறுபடி ஏறினேன். வரவில்லை.

"என்னங்க, மாலை கீலை போட்டிருக்கீகளா? இந்த ஏத்தம் ஏறுறீக!" என்றாள் மனைவி.

நெட் லைன் கொடுத்த கேபிள்காரர் கடைக்கே போய்க் காட்டினேன்.

"ஐயா, நீங்க செஞ்சதெல்லாம் சரிங்க. வெளி நம்பர்தான் சிக்கல். இந்த லைன்ல இருக்க அத்தன வீட்டுக்கும் ஒரே நம்பருங்க."

சட்டெனப் புரிந்தது. நான் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். வரிசை வீடுகளான லயத்தில் எத்தனை குடும்பம் இருந்தாலும் தபாலுக்குத் தோட்டத்து ஆபீஸ் விலாசம்தான். யாருக்கென்று அங்கே தெரியாவிட்டால் கடிதம் அங்கேயே கிடக்கும். என் வாசலை மட்டும் அகலத் திறந்து என்ன பயன்?

"அப்ப எனக்குத் தனி நம்பர் குடுங்க."

"ஆபீஸ்ல கேக்கணுங்க. இங்க யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்குறேன்ல? இப்பவே போன் போடுங்க. அதுவரைக்கும் இந்த ஸ்டூல விட்டு எந்திரிக்க மாட்டேன்."

டீ வாங்கித் தந்து பார்த்தார். குடித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். கடை அடைப்பதற்குள் தனி நம்பர் வந்தது. என் செல்லில் பீன்ஸ் கொடியும் வந்தது.

சொன்னால் நம்பினாளா? "என் கண்ணால பாக்கணும். நீங்க தோட்டத்துல போயி நில்லுங்க" என்று மறுநாள் வெள்ளனே என் செல்லை எடுத்துக்கொண்டு அவளே ஏறினாள். அவளுடைய செல்லோடு, வைஃபை எட்டுகிற ஓரமாக நான் கேமராவுக்கு முன்னால் நின்றேன்.

வாட்ஸ்அப்பில் போன் வந்தது. "தெரியுதுங்க! ஐயோ, லுங்கிய எறக்கி விடுங்க, டீக்கடையே பாக்குது!"

"இப்ப என்ன சொல்ற? கன்னிவாடிக்குக் கெளம்புவமா?"

"கெளம்புவமாவா? வத்தலக்குண்டு பஸ் வந்திருச்சு, ஏறிட்டேன். நீங்க வெரசா அடுத்த வண்டியப் புடிங்க. ரௌட்டர அணைச்சுப்புடாதீக!"

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்! ரௌட்டரின் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு மேடேறினேன்.